புதுக்காது

“அம்மா எங்க?” என்று கேட்டாள் ஷாகிரா.

ஸ்பீக்கரில் நாலாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒலி மிக்ஸர் பக்கத்தில் நின்று காலால் தாளம் தட்டிக்கொண்டிருந்த மோகனப்பிரியா, சத்தத்தில் சரியாக விழவில்லை என்று குனிந்து காதைக் கொடுத்தாள்.

“என்னடீ?”

“அம்மா எங்கன்னு கேக்கறேன். கிக்கு நிக்குது, பேஸ் நிக்குது, நான் மூச்சு வாங்கறேன். அங்கதான வரணும்? இப்பப் பாரு, மறுக்கா கிக்கு வந்திருச்சு. அம்மாவக் காணோம்.”

துக்கம் சிலரை இப்படி நாள் கழித்துத்தான் பிடிக்கும் என்று யாரோ சொல்லி மோகனா கேட்டிருக்கிறாள். ஷாகிராவின் தோளைப் பிடித்து நாற்காலிப் பக்கம் நகர்த்தினாள்.

“ஷாகி, அம்மா போய் எட்டு மாசமாச்சுடீ. உக்காரு மொதல்ல. தண்ணி குடி.”

“அது எனக்குத் தெரியாதா? பாட்டுல இருந்த அம்மாவக் கேக்கறேன்.”

“பாட்டுல எந்த அம்மா?”

மோகனா நடிக்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. கூட்டத்துக்கு நடுவே போண்டாத் தட்டோடு ஆடிக்கொண்டிருந்த ஜெபசீலன், இவர்கள் ரெண்டு பேர் முகத்தையும் பார்த்தான். தட்டை ஒரு மோட்டார் மேல் வைத்துவிட்டு வந்து பாட்டை நிறுத்தினான். ஒர்க்‌ஷாப்பில் நாற்பது பேர் தூக்கிய காலோடு நின்றார்கள்.

“கரண்ட் போயிருச்சா தம்பி?” என்று கேட்டார் லேத் ஓட்டுகிற கருணாகரன்.

“இல்லீங்ண்ணா. எல்லாரும் டீ குடிங்க, வந்தர்றோம்,” என்றான் ஜெபா.

‘மூணு ஃபேஸ்’ இசைக்குழு என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அன்று காலையில்தான் அவர்களுடைய முதல் ஆல்பம் ‘முதல் ஷிஃப்ட்’ வெளியாகியிருந்தது. மொத்தம் ஒன்பது பாட்டு, எல்லாம் ஹவுஸ் மியூசிக். நிமிஷத்துக்கு நூற்றி இருபத்து நாலு அடியில் ஒரே சீராக நெஞ்சில் இடிக்கிற கிக் என்கிற டிரம் அடி, அதற்கு மேல் உருளுகிற பேஸ், அதற்கும் மேல் ஒரு குரல் வந்து வந்து போகும். அந்த இசை உலகத்துக்கு எங்கிருந்து வந்ததோ, இந்த மூவருக்கும் கோயமுத்தூர் கணபதியில் ஜெபாவின் அப்பா நடத்துகிற பம்பு மோட்டார் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தது. அங்கே இருக்கிற பவர் பிரஸ்ஸின் ‘தொம்’தான் ஒன்பது பாட்டுக்கும் கிக். மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிற பின்னறைதான் ஸ்டூடியோ. எதிரொலி வராமல் இருக்க, மில்லிலிருந்து வந்த கழிவுப் பஞ்சை மூட்டை கட்டிச் சுவர் நெடுகச் சாத்தியிருந்தார்கள். ஜெபா பேஸும் கீபோர்டும், ஷாகிரா குரல், மோகனா மிக்ஸிங். கரண்டில் மூணு ஃபேஸில் ஒன்று போனாலும் மோட்டார் எரிந்துவிடும் என்று ஜெபாவின் அப்பா சொன்னதிலிருந்து பேரை எடுத்துக்கொண்டார்கள்.

அவர்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. முதல் பாட்டை அவர்கள் இரண்டு வருஷம் நோண்டிக்கொண்டே இருந்தார்கள். முடிந்தது என்று வைப்பார்கள், மறுநாள் ஒருத்தர் திறந்து பேஸை ஏற்றுவார், இன்னொருத்தர் இறக்குவார். கடைசியில் ஜெபா ஒரு தீர்ப்புச் சொன்னான்: ஒரு பாட்டு முடிந்தது என்று மூவரும் ஒத்துக்கொண்டால் அதற்கு வெல்டு அடித்துவிட வேண்டும். தனித்தனியாக இருக்கிற குரல், கிக், பேஸ் எல்லாவற்றையும் ஒரே துண்டாக்கிவிட்டு, மூலப் பதிவுகளை அழித்துவிட வேண்டும். பிரிக்க முடியாது என்றால் நோண்ட முடியாது. வேறு எந்த ஸ்டூடியோவிலும் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். இவர்களுக்கு அது பெருமையாக இருந்தது.

புதுக்காது வந்தது அதற்கு அப்புறம்.

ஒரே பாட்டை ஐநூறு தடவை கேட்டால் அது பாட்டாக இருக்காது, மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆகிவிடும். எது நல்லா இருக்கிறது, எது உறுத்துகிறது என்று தெரியாது. மிக்ஸிங் செய்கிற எல்லோருக்கும் இருக்கிற சாபம் இது. அதற்கு மருந்தாகத்தான் ஒலிக் கருவிகளை வாடகைக்கு விடுகிற சம்பத் ஒரு நாள் அந்தத் தலைப்பட்டையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பார்க்க ஜலதோஷத்துக்குக் கட்டுகிற மஃப்ளர் மாதிரிதான் இருந்தது.

“இது ஆஸ்பத்திரிக்குன்னு பண்ணதுங்க,” என்றார் சம்பத். “ஆக்சிடென்ட் ஆனவங்களுக்கு அந்த பிரேக் சத்தம் காத விட்டே போகாது பாருங்க, அதுக்கு. அப்பறம் ஸ்டூடியோக்காரங்க புடிச்சுக்கிட்டாங்க.”

“என்ன பண்ணும்?”

“ஞாபகம்ங்கறது ஒருக்கா பதிஞ்சா பதிஞ்சதுதான்னு நெனைக்கறோம். இல்லீங்க. ஒவ்வொருக்கா எடுத்துப் பாக்கறப்பவும் இளகிரும். மறுக்கா இறுகறதுக்குக் கொஞ்ச நேரமாகும். அந்த நேரத்துல இது பூந்து இறுக விடாமப் பண்ணீரும். பட்டையக் கட்டிட்டுப் பாட்ட முழுசாக் கேளுங்க. அரை மணி நேரம் தூக்கம் மாதிரி வரும். எந்திரிச்சீங்கன்னா, அந்தப் பாட்ட நீங்க பொறந்ததுல இருந்து கேட்டதே இல்ல.”

“காயில்ல வார்னிஷ் காயறதுக்குள்ள கை வெச்சாப்ல,” என்றான் ஜெபா.

“அதேதானுங்க. ஆனா ஒண்ணு. பாட்டு ஓடறப்ப வேற எதையும் நெனைக்காதீங்க. நெனச்சதும் இளகித்தான இருக்கும், பாட்டோட ஒட்டுக்காப் போயிரும்.”

முதல் வாரமே மோகனா வண்டிச் சாவியைத் தொலைத்தாள். சாவி எங்கேயும் போகவில்லை, பட்டையைக் கட்டியிருக்கும்போது ‘சாவியை எங்கே வைத்தோம்’ என்று நினைத்துத் தொலைத்துவிட்டாள். மூன்று நாள் பஸ்ஸில் வந்தாள். “வீட்டு அட்ரஸ நெனச்சுராத, நாங்க எங்கன்னு கொண்டு போய் விடறது?” என்று ஜெபா ஓட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில் சாவி பஞ்சு மூட்டைக்குள் கிடைத்தது. அதை அங்கே எதற்கு வைத்தாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அப்போது ஊரெல்லாம் அந்தப் பட்டைதான். பிடித்த பாட்டை முதல் தடவை கேட்ட மாதிரி மறுபடி கேட்க வேண்டும் என்று ஆசை இல்லாதவர் யார்? திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரர் ஒருவர், தன் கல்யாணத்தில் போட்ட பாட்டைப் புதுசாகக் கேட்கப் பட்டையைக் கட்டினாராம். எழுந்ததும் கல்யாண ஆல்பத்தைப் புரட்டி, “பொண்ணு லட்சணமா இருக்கே, யாரு?” என்று கேட்டாராம். பக்கத்தில் இருந்த மனைவி முதலில் சிரித்தாராம். இதைச் சொல்லிச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். யாரும் பட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஜெபா கட்ட மாட்டேன் என்றுவிட்டான். ஷாகிராவும் மாட்டேன் என்றாள். “ரெண்டு பேராச்சும் பழைய காதோட இருக்கணும்” என்பது ஜெபாவின் வாதம். மோகனாவுக்காக அவன் ஒரு நோட்டும் போட்டான். பட்டை கட்டும் முன்னால், அந்தப் பாட்டில் எதைத் தொடக்கூடாது என்று இடது பக்கத்தில் எழுதி, அந்தப் பக்கத்தைப் பெரிய கிளிப் போட்டு மூடிவிட வேண்டும். எழுந்து, புதுசாகக் கேட்டு, தோன்றியதை வலது பக்கத்தில் எழுத வேண்டும். எதையாவது மாற்ற வேண்டும் என்று தோன்றினால் மட்டும் கிளிப்பைத் திறந்து முன்னால் எழுதியதைப் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். ஒரே ஆள் ரெண்டு சாட்சி சொல்கிற மாதிரி.

இப்படித்தான் மூன்று மாதத்தில் ஒன்பது பாட்டும் தேறின. கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒரே வார்த்தை: சுத்தமா இருக்கு.

காயில் அறைக் கதவைச் சாத்தியதும் வெளியே இருந்த இரைச்சல் அறுந்து போனது. மூன்று பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

“உனக்கு அந்த நாள் நெனப்பே இல்லியா?” என்று கேட்டான் ஜெபா.

“எந்த நாள்? நீங்க ரெண்டு பேரும் என்ன வெளையாடறீங்களா?”

ஜெபா முகத்தை ரெண்டு கையாலும் தேய்த்துக்கொண்டான். “சொல்றேன் கேளு. நீயும் இங்கதான் இருந்த, அத மட்டும் மறந்துராத.” சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு தொடர்ந்தான்.

“போன ஆடி. காத்துல கூரை ஷீட்டு படபடன்னு அடிச்சுட்டுக் கெடக்குது. ஷாகி நாலாவது பாட்டு பாடறா. ஏழாவது டேக். அவங்க வீட்ல அம்மாவுக்குப் பாட்டுன்னாலே ஆகாது, அது தெரியுமில்ல?”

“தெரியும்.” அது மோகனாவுக்குத் தெரியும். ஷாகிராவின் அம்மா மெஹருன்னிசா திட்ட மாட்டார். பாடாதே என்றுகூடச் சொன்னதில்லை. ஷாகிரா முணுமுணுக்க ஆரம்பித்தால் போய் மிக்ஸியைப் போட்டுவிடுவார். உக்கடத்து வீட்டுக்குப் போனபோது மோகனாவே பார்த்திருக்கிறாள்.

“அன்னிக்கு அவங்களா டிபன் பாக்ஸோட பஸ் புடிச்சு வந்தாங்க. வெளிய செகப்பு லைட்டு எரியுது. அது எதுக்குன்னு அவங்களுக்கு என்ன தெரியும், கதவத் தொறந்துட்டாங்க. டேக் ஓடுது. கிக்கு நின்னு அமைதியாகற எடம். ஷாகி மூச்சு வாங்கறா. கதவு கிரீச்சுங்குது. அப்பறம் அம்மா பேசறாங்க.”

அடுத்ததைத் தான் சொல்லக்கூடாது என்பது போல அவன் ஷாகிராவைப் பார்த்தான்.

“‘ரெண்டு வாய் சாப்ட்டுட்டுப் பாடு தங்கம்,’” என்றாள் ஷாகிரா. குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல், பஸ் நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிற மாதிரி சொன்னாள். “அவ்வளவுதான். எங்கம்மா எங்கிட்ட பாடுன்னு சொன்னது அந்த ஒரு தடவதான் மோகனா. எம் போன்ல அம்மா வாய்ஸ் மெசேஜ் நூத்துக்கணக்குல கெடக்குது. பால் வாங்கிட்டு வா. கேஸ் வந்திருச்சு. எங்கிருக்க, மணி என்ன ஆச்சு. பாடுன்னு ஒண்ணுகூட இல்ல. ரெண்டு மாசத்துல அவங்களும் போயிட்டாங்க.”

“நான் டேக்க நிறுத்தத்தான் போனேன்,” என்றான் ஜெபா. “நீதான் எங்கையத் தட்டிவிட்ட. ஷாகிக்குச் சிரிப்பு வந்திருச்சு. சிரிச்சுக்கிட்டே திரும்பப் பாடறா, அந்தச் சிரிப்புக்குள்ள கிக்கு வந்து எறங்குது. இதான்டா பாட்டுன்னு சொன்னது நீ. அழுத வேற. மூக்கு ஒழுகி, கைக்கு அகப்பட்ட வார்னிஷ் துணிய எடுத்துத் தொடச்சு, மூஞ்சியெல்லாம் பழுப்பாப் போச்சு. அம்மா உன்னையப் பாத்துத்தான் சிரிச்சாங்க.”

மோகனா தன்னை அறியாமல் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். யாரோ ஒரு நல்ல பெண்ணைப் பற்றிக் கேட்கிற மாதிரி இருந்தது. அந்தப் பெண்மேல் அவளுக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

பிறகு தேடினார்கள். நாலாவது பாட்டு கம்ப்யூட்டரில் ஒரே துண்டாக, வெல்டு அடித்து, வழவழவென்று கிடந்தது. மூலப் பதிவுகள் இருந்த இடம் காலி. வெளி டிஸ்க் காலி. பழைய மிக்ஸ் எதையும் மோகனா வைத்துக்கொள்வதில்லை, வைத்தால் கை பழையதுக்கே போகும் என்பாள். ஜெபாவின் போனில் அவனுக்கு அனுப்பிய கடைசிப் பிரதி மட்டும் இருந்தது, அதிலும் அம்மா இல்லை.

“வெல்டு அடிக்கலாமான்னு நீ கேட்டப்ப நான் ராஜ்கோட் போயிட்டு ரயில்ல வந்துட்டிருந்தேன்,” என்றான் ஜெபா. “போன் ஸ்பீக்கர்ல ஓட்டுனேன். பக்கத்துல ஒரு குடும்பம் சீட்டாடிட்டுக் கத்திட்டிருக்குது. பேஸ் கேட்டுச்சு, போதும், அடின்னுட்டேன். அம்மா இல்லாததக் கூடக் கவனிக்கல பாரு. பழைய காதுன்னு பீத்திக்கிட்டவன்.”

“என்னையும் கேட்டீங்க,” என்றாள் ஷாகிரா. “அம்மா போனதுக்கப்பறம் அந்தப் பாட்டக் கேக்க எனக்கு தைரியம் வரல. ரிலீஸ் அன்னிக்கு எல்லாரோடயும் ஒட்டுக்காக் கேட்டுக்கறேன், அடிங்கன்னு நாந்தான் சொன்னேன்.”

மோகனா ஷாகிராவின் பக்கம் திரும்பினாள். “ஷாகி, நான்...”

“விடுடீ.” ஷாகிரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ வேணும்னா பண்ண? உனக்குத்தான் நெனப்பே இல்லியே. புதுசாக் கேக்கறவங்களுக்கு அது கதவுச் சத்தம், யாரோ பேசற சத்தம். தெரிஞ்சிருந்தா நீ உங்கைய வெட்டிக்குவ, அத வெட்டியிருக்க மாட்ட. எனக்குத் தெரியாதா உன்ன?”

அப்போது கதவைத் தட்டிவிட்டுக் கருணாகரன் தலையை நீட்டினார். கையில் டீ டம்ளர்.

“தம்பி, அந்த நாலாவது பாட்ட மறுக்காப் போடுங்களேன். எல்லாரும் கேக்கறாங்க. எல்லாம் கப்புன்னு நின்னு, ஒரே அடியா எறங்குது பாருங்க, அந்த எடம் கெரகம் ஆளத் தூக்கீருது.”

பிறகு ஷாகிரா முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போட்டா ஆடுவீங்களாண்ணா?” என்று கேட்டபடி முதலில் வெளியே போனாள். அவளேதான் பாட்டைப் போட்டாள். கிக் நின்ற இடத்தில் அவள் உதடு மட்டும் அசைந்தது. மோகனா பார்த்துக்கொண்டே இருந்தாள். நாற்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று, கிக் இறங்கியதும் ஒரே ஆளாகக் குதித்தார்கள். அந்த இடம் நிஜமாகவே பிரமாதமாக இருந்தது. அதுதான் அவளைக் கொன்றது.

மறுநாள், திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குப் பட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்ள சம்பத் வருவதாக இருந்தது. மோகனா பத்து மணிக்கே வந்து அதைத் துடைத்து, ஒயரைச் சுற்றி வைத்தாள். பட்டையின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு தடவைக்குச் சார்ஜ் இருக்கிறது.

மேஜையில் நோட்டு இருந்தது. கிளிப் போட்டபடி. சம்பத்துக்கு அதில் வேலை இல்லை, ஆனாலும் கையில் எடுத்தாள். தான் அழுத நாளைத் தன் கையெழுத்திலாவது பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கிளிப்பை எடுத்தாள்.

நாலாவது பாட்டு, முதல் தடவை. இடது பக்கம் பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தது: ‘நடுவில் கதவுச் சத்தம், ஷாகி அம்மா குரல். பாடு என்கிறார். பாட்டே அதுதான். தொட்டால் உன்னைக் கொன்றுவிடுவேன்.’ எதிர்ப்பக்கம்: ‘நடுவில் யாரோ பேசுகிறார்கள். கிக் இறங்கும் வேகத்தைக் கெடுக்கிறது. எடுக்கலாம்.’ அதற்குக் கீழே வேறு மையில்: ‘ஐயோ. எடுக்கக்கூடாது.’

இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை, அதேதான். அந்த இடம் வரும்போதெல்லாம் அவள் அந்த நாளை நினைத்திருக்கிறாள். நினைத்ததெல்லாம் பாட்டோடு சேர்ந்து போயிருக்கிறது. ஒவ்வொரு பக்கமாக அது கரைவது தெரிந்தது. ஐந்தாவதில், ‘ஷாகி அம்மா ஒரு நாள் வந்திருந்தாராம். எடுக்க வேண்டாம்.’ எட்டாவதில், ‘அம்மா குரல் என்று எழுதியிருக்கிறேன். எடுக்கக்கூடாதாம்.’ பதினோராவதில் ஒரே ஒரு வரி: ‘நடுவில் பேச்சு வரும். வழக்கம்போல் விட்டுவிடு.’

எதிர்ப்பக்கம் மட்டும் பதினோரு தடவையும் மாறவே இல்லை. எடுக்கலாம். எடுக்கலாம். எடுக்கலாம்.

மோகனாவுக்குக் கண் நிறைந்தது. ஷாகிரா சொன்னது சரிதான் என்று ஒரு ஆறுதலும் வந்தது. பன்னிரண்டாவது தடவை விட்டுவிடு என்பதைக்கூட எழுத மறந்திருப்பாள், அவ்வளவுதான் நடந்திருக்கும். பக்கத்தைத் திருப்பினாள்.

பன்னிரண்டாவது பக்கம் முழுக்க எழுதியிருந்தது. கையெழுத்து நிதானமாக, அழகாக இருந்தது.

‘பழைய பக்கங்களை எல்லாம் உட்கார்ந்து படித்தேன். பதினோரு தடவை திரும்ப வைத்திருக்கிறேன். பதினோரு தடவையும் காது எடு என்றது. அந்தக் குரல் இருந்தால் அந்த இடம் கனக்கிறது, ஆடுகிறவன் நின்றுவிடுவான். இது எங்கள் மூன்று பேர் வீட்டு விசேஷ வீடியோ இல்லை, ஊருக்குப் போகிற ஆல்பம். எடுத்துவிட்டேன். ஷாகிராவைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள், அப்புறம் என்னால் எடுக்க முடியாது. மூலப் பதிவையும் அழித்துவிட்டேன், இல்லாவிட்டால் மறுபடி வைத்துவிடுவேன். இப்போது கேட்டேன். இத்தனை நாள் நான் தேடியது இதுதான்.

ஆனால் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு அவள் முகத்தில் விழிக்க என்னால் முடியாது. அதனால் இன்னும் ஒரு தடவை பட்டையைக் கட்டப் போகிறேன். பாட்டு ஓடும்போது இதை மட்டும் நினைப்பேன். எழுந்ததும் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும்.’

கிழிக்க வேண்டியவள் எழுந்திருக்கவே இல்லை. எழுந்தவளுக்கு அப்படி ஒரு பக்கம் இருப்பதே தெரியாது. எதிர்ப்பக்கத்தில் அவள் எழுதியிருந்தாள்: ‘நாலாவது பாட்டு. ஒரு குறையும் இல்லை. வெல்டு அடிக்கலாம்.’ குறை இல்லை என்பதால் கிளிப்பைத் திறக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

மோகனா அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படித்தாள். இதைச் செய்தது தான் இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். செய்தபோது நினைப்பு இருந்தது, அதனால் தான்தான் என்றும் சொல்லிப் பார்த்தாள். ரெண்டுமே வாயில் நிற்கவில்லை. நெஞ்சில் ஒரு உறுத்தலாவது பழையதாக, தனக்குச் சொந்தமானதாக இருக்குமா என்று தேடினாள். அதையும் துடைத்திருந்தாள். வருத்தப்படுவதற்குக்கூட அவளிடம் இருந்தது ஒரு பக்கத் தாள்தான்.

கதவு கிரீச்சென்றது.

நோட்டை மூடி மேல் கையை வைத்துக்கொண்டாள். வந்தது ஷாகிரா. கையில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ், மூடியில் மெஹருன்னிசா என்று பெயர் வெட்டியிருந்தது.

“நேத்து சாப்பிடாமயே போயிட்டீன்னு ஜெபா சொன்னான்,” என்று பாக்ஸை மேஜையில் வைத்தாள். “கறிக் கொழம்பும் ஆப்பமும். அம்மா வெக்கற மாதிரி வராது, அதுக்காக வெசனப்படாதே, சாப்பிடலாம்.”

“ஷாகி.”

“நீ பேசாத. நான் ராத்திரியெல்லாம் யோசிச்சேன். குரல் போச்சு, சரி. அந்த நாள் இருக்குதில்ல? எனக்கு இருக்குது, ஜெபாவுக்கு இருக்குது. உனக்குத்தான் இல்ல. உனக்கு நான் சொல்லித் தந்துர்றேன். எல்லாத்தையும், ஒண்ணு விடாம. அம்மா என்ன பொடவை, நீ எங்க நின்ன, கொழம்புல உப்பு எச்சாப் போயிருந்தது, எல்லாம். சொல்லிச் சொல்லி உனக்கும் நெனப்பு வர்ற மாதிரி பண்ணிரலாம். அப்ப மூணு பேருகிட்டயும் அம்மா இருப்பாங்க.” மூக்கை உறிஞ்சிவிட்டுச் சிரித்தாள். “ஒரு ஃபேஸ் போனா மோட்டார் எரிஞ்சுரும்னு அங்கிள் சொல்வாருல்ல?”

மோகனாவின் உள்ளங்கைக்குக் கீழே நோட்டின் அட்டை சூடாகிவிட்டிருந்தது.

வெளியே வண்டிச் சத்தம். “மேடம், சம்பத்துங்க,” என்று குரல் வந்தது. “அவசரமில்லீங்க, டீ குடிச்சுட்டு வர்றேன்.”

“யாரு, பட்டைக்காரரா? வரட்டும்,” என்றாள் ஷாகிரா. நாற்காலியை இழுத்துப் போட்டு, பாக்ஸைத் திறந்து, ஆப்பத்தைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தாள். “வாயத் தொற. ரெண்டு வாய் சாப்பிடு, அப்பறம் சொல்றேன். மொதல்ல கதவு. அந்தக் கதவுதான். கிரீச்சுன்னு...”

மேஜையில் மூன்று பொருள் இருந்தன. கிளிப் எடுத்த நோட்டு. பச்சை விளக்கு எரிகிற பட்டை, பக்கத்திலேயே கம்ப்யூட்டரில் நாலாவது பாட்டு, ஐந்து நிமிஷம்கூட இல்லை. அப்புறம் ஷாகிரா நீட்டிய கை.

பக்கத்தை அவள்முன் திருப்பி வைத்தால், அம்மாவை இழந்தவள் இன்னொருத்தியையும் இழப்பாள். கிழித்துப் போட்டுவிட்டு வாயைத் திறந்தால், ஷாகிரா சொல்லச் சொல்ல ஒவ்வொரு வாயும் தொண்டையில் நிற்கும், சாகிற வரைக்கும். இந்த ரெண்டும் இல்லை என்றால் பட்டை இருக்கிறது. ‘கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்க்கிறேன்’ என்றால் ஷாகிரா நம்பிவிடுவாள். இந்த முறை பக்கத்தை முதலில் கிழித்துவிட்டுக் கட்டிக்கொள்ளலாம். எழுந்ததும் பசிக்கும், ஆப்பம் அங்கேயே இருக்கும், கதை புதுசாக இருக்கும்.

மோகனா இன்னும் வாயைத் திறக்கவில்லை. சம்பத் டீ குடித்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆகும். அவளை விடுங்கள், நீங்கள் சொல்லுங்கள்: அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் உங்கள் கை எதை முதலில் தொட்டிருக்கும்?